தவிட்டு உருண்டை

மூன்று நாளாகியும் மை போகவில்லை.

சாலம்மாள் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். மாதேஸ்வரன் இடது கையை அவளிடம் ஒப்படைத்துவிட்டுக் குழந்தையைப் போல உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் ரேகைகளுக்குள் நீலம் இறங்கி நின்றது. வியாழக்கிழமை அவருடைய அண்ணன் அர்ச்சுனன் வந்து, புதுத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டு, இண்டூர்ப் பக்கம் ஒரு வேலை என்று அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது துண்டோடு இந்த மையும் வந்திருந்தது.

"எங்கீங்க வெச்சீங்க இதை?"

முதல் நாள் கேட்டபோது வண்டி அச்சு மசை என்றார். மறுநாள் நாவல்பழம் என்றார்; மார்கழியில் நாவல்பழம். இன்று காலை, தீர்த்தமலையில் ஒரு சாமியார் தொட்டு வைத்தார் என்றார். மூன்றையும் ஒரே முகத்தோடு சொன்னார். கண்ணில் கொஞ்சமும் கள்ளம் இல்லை.

அந்தக் கள்ளமில்லாத கண்தான் சாலம்மாளை ஐந்து வருஷம் எரித்தது. குடிகாரன் பொய் சொல்வான், அது அவளுக்குப் பழக்கம். குடிக்காதவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு புரட்டாசியில், சேலம் ஜில்லா முழுக்கக் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடினார்கள். அன்றைக்கு அவள் மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். கடை மூடினால் மனுஷன் வீடு திரும்புவான் என்று நம்பினாள். அவர் திரும்பினார். முதல் வாரம் கை நடுங்கியது, சுவரில் எறும்பு ஏறுகிறது என்று கத்தினார், காய்ச்சல் கொதித்தது. பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு, பரிசலில் நிற்பவரைப் போலக் காலை அகட்டி வைத்துத்தான் நடந்தார். அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவரிடம் தங்கவில்லை.

போன வருஷம்தான் தர்மபுரி ஆஸ்பத்திரி டாக்டர் அவளுக்கு விளங்கச் சொன்னார். இருபது வருஷக் குடி மூளையில் ஒரு இடத்தை அரித்துவிட்டது. நேற்று என்பது அந்த இடத்தில்தான் தங்கும். இனிமேல் அவருக்கு நேற்று தங்காது. பழைய காலம் இருக்கும், உங்களைத் தெரியும், நிலத்தைத் தெரியும். நடுவில் காலியாகக் கிடக்கும் இடத்தை அவர் மனசே எதையாவது போட்டு நிரப்பிக்கொள்ளும். அது பொய் இல்லை அம்மா, அவருக்கு அது நிஜம். போனது திரும்பாது. இருப்பதாவது நிற்கட்டும், கைக்குத்தல் அரிசியின் தவிட்டைத் தினமும் கொடுங்கள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. ஐந்து வருஷமாகச் சேர்த்து வைத்த கோபத்தை இனி யார்மேல் வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தாள். அதை இறக்கி வைக்க இடமே இல்லாமல் போயிற்று.

அது முதல் நெல் குத்துகிற வீடுகளில் கேட்டுத் தவிடு வாங்கி, சலித்து, வறுத்து, வெல்லம் சேர்த்து உருட்டுவாள். சாயங்காலம் அவர் கையில் கொடுப்பாள். "இது என்ன சாலா, புதுசா இருக்கு" என்று ஒவ்வொரு நாளும் சொல்லி அவர் சாப்பிடுவார்.

இன்னொன்றையும் அவர் தவறவிடுவதில்லை. பொழுது சாயும்போது துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஊர் எல்லையில் பூட்டிக் கிடக்கும் கள்ளுக்கடைக்குப் போவார். மகள் சின்னபொண்ணு கூடவே போவாள். பூட்டைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்னமோ தொறக்கல" என்று திரும்புவார். ஆறு வருஷமாக அவருக்கு அது ஒரே ஒரு நாள்தான்.

இப்போது அந்தக் கடையைத் திறக்கப் போகிறார்கள். யுத்தச் செலவுக்குச் சர்க்காருக்குப் பணம் வேண்டுமாம். இன்னும் பத்து நாள்.

சாலம்மாள் விரலை விட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். அப்போதுதான் வீட்டுக்குப் பின்னாலிருந்து சின்னபொண்ணு ஓடி வந்தாள். பதினேழு வயசுப் பெண், மூச்சு வாங்க நின்றாள்.

"அம்மா, ஓடைக்கரையில பெரியப்பா நிக்கறாரு. கூட ஒரு ஆளு. நம்ம ஈச்ச மரத்துல தார் பூசறாங்க."

* * *

வீட்டுக்குப் பின்னால் நாற்பது எட்டு வைத்தால் ஓடை. அதன் கரையில் முப்பத்திநாலு ஈச்ச மரங்கள். சாலம்மாளின் மாமனார் காலத்திலிருந்து வெட்டாமல் விட்டவை. அவற்றின் ஓலையில்தான் தாயும் மகளும் துடைப்பம் கட்டினார்கள், பாய் முடைந்தார்கள்.

முதல் மரத்தில் ஒரு சாண் உயரமான '1' கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் தார் டப்பாவோடு இரண்டாம் மரத்துக்கு நகர்ந்தான்.

"மாமா, இது என்னாங்க?" என்று சாலம்மாள் கேட்டாள்.

அர்ச்சுனன் அவசரப்படவில்லை. எப்போதும்போலச் சாந்தமாகவே சொன்னார். கள் இறக்கப் போகிற மரத்துக்கு எண் போட்டால்தான் சர்க்காரில் ஒத்துக்கொள்வார்கள். மூன்று வருஷக் குத்தகைக்கு மரங்களைத் தம்பி அவருக்குக் கொடுத்திருக்கிறான். பத்திரம் இருக்கிறது. அவர் மடியிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். கீழே நீலத்தில் ஒரு கட்டைவிரல்.

சாலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த விரலைப் படிக்கத் தெரியும்.

முப்பத்திநாலு மரம். முப்பத்திநாலு பானை. காலையில் அவர் முகம் கழுவக் கொல்லைக்குப் போனால் தலைக்கு மேல் தொங்கும். பூட்டிய கடைக்கு ஆறு வருஷம் நடந்த மனுஷனுக்கு இனி நடக்கவே வேண்டாம். மிச்சமிருப்பதையும் அது குடித்துவிடும்.

"அவருக்கு என்னாங்க தெரியும்? நீங்க ஏதோ வேலைன்னு கூட்டிக்கிட்டுப் போனீங்க."

"தெரியாம என்ன? சொந்த நெலம், சொந்த மரம். அவனையே கேளு."

மாதேஸ்வரன் அதற்குள் காலை அகட்டி நடந்து வந்து சேர்ந்திருந்தார். காக்கிச் சட்டைக்காரனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "வாங்க, எப்போ வந்தீங்க?"

"தம்பி, ஈச்ச மரத்த எனக்குக் குத்தகைக்குக் குடுத்தியா இல்லையா?"

மாதேஸ்வரன் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அங்கே என்ன பதில் எதிர்பார்க்கப்படுகிறதோ அதை எடுத்துக்கொண்டார். "குடுத்தேன். தீர்த்தமலையில வெச்சுத்தான் குடுத்தேன். நல்ல மழை. அண்ணன்தான் குடை புடிச்சாரு, நான் நனையக்கூடாதுன்னு."

அர்ச்சுனன் சிரித்தார். "எடம் எதுவா இருந்தா என்ன. குடுத்தத ஒத்துக்கறான் பாரு."

பக்கத்துக் காட்டில் கேழ்வரகு அறுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். யாரோ போய் ஊர்க்கவுண்டர் மாயவனை அழைத்து வந்தார்கள். வயசானவர், நியாயஸ்தர். பத்திரத்தை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார், மாதேஸ்வரனின் விரலையும் பார்த்தார்.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. போதையில் இருப்பவனிடம் வாங்கிய கைநாட்டு செல்லாது. மாதேஸ்வரன் குடித்த காலத்தில் நாலு பேர் அவருடைய நிலத்துக்குக் கைநாட்டு வாங்கினார்கள். நாலையும் மாயவக் கவுண்டரே கிழித்துப் போட்டார். குடிதான் அந்த நாளில் நிலத்தைக் காத்தது. சாலம்மாள் இதை நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வரும்போல இருந்தது.

"இப்ப எப்படிங்க செல்லாது?" என்றார் அர்ச்சுனன். "ஆறு வருஷமா ஒரு சொட்டுத் தொட்டானா? ஊரே சொல்லும். தெளிஞ்ச மனுஷன் வெச்ச கைநாட்டு."

கவுண்டர் தலையாட்டினார். "ஞாயந்தான். ஏம்மா சாலம்மா, உம்புருஷன் தெளிவாத்தானே இருக்காரு? நாலு பேரு வந்தா மொத ஆளா அவருதானே வாங்கன்னு சொல்றாரு."

சொல்கிறார். ஒரே ஆளை ஒரே நாளில் நாலு தரம் சொல்வார். அப்போதெல்லாம் பக்கத்தில் சாலம்மாள் நிற்பாள், "கேலி பண்றாருங்க" என்பாள். அவர் பாதியில் நிறுத்திய பேச்சை அவள் முடிப்பாள். யார் செத்தது, யாருக்குக் கல்யாணம் ஆனது என்று காதோரம் சொல்வாள். கல்யாண வீட்டில், சந்தையில், கோயிலில் அவருக்கு நினைவாக அவளே நின்றாள். நன்றாகத்தான் நின்றிருக்கிறாள். ஊருக்குத் தெரியவே இல்லை.

இப்போது அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் காகிதம் கிழியும். ஆனால் புத்தி இல்லாதவனுடைய நிலத்துக்கு யார் பொறுப்பு? கூடப் பிறந்த அண்ணன்தான். அர்ச்சுனன் இதை யோசிக்காமல் வந்திருக்க மாட்டார். அவருக்கு எந்தப் பக்கம் போனாலும் வழி இருந்தது.

சாலம்மாள் மரங்களைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் தார் டப்பாவை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, தண்ணி குடிச்சிட்டு வரலாம்" என்று அவர் கையைப் பிடித்தாள்.

சின்னபொண்ணுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, வேணாம்மா" என்றாள் மெதுவாக. "நாலு பேருக்கு முன்னாடி வேணாம்."

சாலம்மாள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

* * *

வீட்டுக்குள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். கூரையில் படர்ந்திருந்த பூசணிக் கொடியைப் பற்றி ஏதோ கேட்டாள். அவர் தன் அப்பா காலத்துப் பூசணியைப் பற்றி விவரமாகச் சொன்னார். அது முழுக்க நிஜம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நூறு எண்ணுகிற நேரம் இருக்கும். அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு தரம் தோன்றியது. பிறகு எழுந்து அவரைத் திரும்ப அழைத்து வந்தாள்.

அவர் தோளோரம் நிற்காமல் பத்து அடி தள்ளி நின்றுகொண்டாள். இந்த ஆறு வருஷத்தில் அப்படி நின்றதில்லை.

மாதேஸ்வரன் கூட்டத்தைப் பார்த்து மலர்ந்தார். காக்கிச் சட்டைக்காரனைக் கும்பிட்டார். "வாங்க, எப்போ வந்தீங்க?"

யாரோ ஒரு பெண் சிரித்தாள். கேலி என்று நினைத்தாள். மாதேஸ்வரனும் சிரித்துவிட்டு, பழக்கமாக வலது பக்கம் திரும்பினார். அங்கே சாலம்மாள் இல்லை.

"கவுண்டரே, நீங்களே கேளுங்க" என்றாள் சாலம்மாள்.

மாயவக் கவுண்டர் கொஞ்சம் தயங்கினார். "மாதேசா, இந்த மரத்த யாருக்காச்சும் குத்தகைக்குக் குடுத்தியாப்பா?"

"மரத்தையா?" மாதேஸ்வரனுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்கப்பன் வெட்டாம வெச்ச மரம். அத நான் எதுக்குக் குடுக்கறேன்? யாரு கேட்டது?" அப்போதுதான் முதல் மரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். "எவன்டா இதுல தார் பூசுனது?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அர்ச்சுனன் காகிதத்தை மடித்தார்.

"இன்னிக்குக் காலையில என்னா சாப்பிட்டீங்க?" என்று சாலம்மாள் கேட்டாள். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

"களியும் அவரைக்கொட்டைக் கொழம்பும். ஒகேனக்கல்ல இருந்து மச்சான் மீன் கொண்டாந்தாரு, அதையும் வறுத்தா."

மச்சான் என்றது சாலம்மாளின் அண்ணனை. அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கூட்டத்தில் இருந்த பாதிப் பேர் அந்தச் சாவுக்கு வந்தவர்கள்.

"இவருக்குப் புத்தி நிக்காதுங்க" என்றாள் சாலம்மாள். "கடை மூடின நாள்லேர்ந்து நிக்கல. குடிதான் தின்னுபுட்டதுன்னு டாக்டர் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னு மறைச்சேன். யாரு என்னா கேட்டாலும், அவங்க மூஞ்சியப் பாத்து ஆமான்னுதான் சொல்வாரு. இந்த மனுஷன் வெச்ச கைநாட்டுக்கு என்னாங்க அர்த்தம்?"

மாதேஸ்வரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அறுப்புக்காரர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் என்ன இப்படிப் பாக்கறாங்க, சாலா? நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?"

சின்னபொண்ணு போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்ட வேண்டும் என்று சொல்லி அழைத்துப் போனாள். அவர் போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

கவுண்டர் அர்ச்சுனனிடமிருந்து காகிதத்தை வாங்கிக் கிழித்தார். காக்கிச் சட்டைக்காரன் தூரிகையைத் துடைத்து வைத்தான்.

அர்ச்சுனன் குரலை உயர்த்தவில்லை. "சரிங்க. சாலம்மாவே சொல்லிட்டா, அவன் வாயாலயும் கேட்டாச்சு. அப்படின்னா நெலம், கெணத்துப் பங்கு எல்லாம் இனிமே யாரு பாத்துக்கறது? எந்தம்பி. நான் விட்டுற முடியுங்களா?"

"அவருக்கு நான் இருக்கறேன், மாமா."

"நீ இருக்கற. நெலப் பத்திரத்துல உம்பேரு இல்லியேம்மா."

கவுண்டர் தாடையைத் தடவினார். வருகிற அமாவாசைக்கு ஊர் கூடும், அன்றைக்குப் பேசலாம் என்றார். நியாயஸ்தரின் கண் அவளைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தது. அமாவாசைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

* * *

பகல் முழுக்கச் சாலம்மாள் முதல் மரத்தடியில் உட்கார்ந்து அரிவாளால் தாரைச் சுரண்டினாள். பட்டை உரிந்தது; எண் பட்டைக்குள் இறங்கியிருந்தது. பாதியில் விட்டுவிட்டாள். கை வலித்தது. உடம்பில் எந்த இடம் வலிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தாள்.

ஒரு ஆறுதல் இருந்தது. அவர் மறந்துவிடுவார். ஊருக்கு முன்னால் புருஷனைக் கூண்டில் நிறுத்திய பெண்டாட்டிகள் உண்டு. காலம் முழுக்க அந்தப் புருஷன்களின் முகத்தில் அதைப் பார்த்துக்கொண்டே வாழ வேண்டும். தனக்கு அது இல்லை. அவர் இந்நேரம் மாட்டோடு பேசிக்கொண்டிருப்பார். இந்த நாளைச் சுமக்கப் போவது தான் ஒருத்திதான். அதில் புதுசு ஒன்றும் இல்லை. ஆறு வருஷமாக இரண்டு பேருடைய நாளையும் அவளேதான் சுமக்கிறாள்.

பொழுது சாய்ந்ததும் அவர் துண்டை எடுத்தார். சின்னபொண்ணு கூடப் போனாள். திரும்பி வந்து, கடைக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள், கதவுக்குப் புதுக் கீல் போட்டிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் அதிகமாக நின்றாராம். "இன்னைக்கு என்னமோ தொறக்கல" என்று சொல்லவில்லையாம்.

சாலம்மாள் தவிட்டை வெல்லத்தோடு பிசைந்து உருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். கயிற்றுக் கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினாள்.

இது என்ன சாலா என்று அவர் கேட்கவில்லை.

"இந்தாங்க."

அவர் உருண்டையைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏங்க, வயிறு சரியில்லீங்களா?"

"இல்ல."

"காலையில நடந்தது..." என்று ஆரம்பித்தாள்.

"காலையில என்ன நடந்தது?" என்றார். நிஜமாகவே கேட்டார். தார் இல்லை, காக்கிச் சட்டை இல்லை, கவுண்டர் இல்லை. அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை. அவள் மெல்ல மூச்சு விட்டாள். மறுபடி கையை நீட்டினாள். அவர் தன் இரண்டு கைகளையும் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"என்னான்னு தெரியல, சாலா" என்றார். அவருக்கே அது வெட்கமாக இருந்தது. "நீ நல்லவதான். எனக்குத் தெரியும். ஆனா இன்னைக்கு உங்கையில வாங்க மனசு வரல."

நேற்று தங்காது என்றார் டாக்டர். தங்கவில்லைதான். என்ன நடந்தது, யார் செய்தது, எங்கே என்று எதுவும் இல்லை. நோவு மட்டும் தனியாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

சின்னபொண்ணு வந்து அம்மாவின் கையிலிருந்து உருண்டையை வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள். அவர் உடனே வாங்கிக்கொண்டார். "இது என்ன பொண்ணு, புதுசா இருக்கு" என்றார்.

"நாளைக்கு மறந்துருவாரும்மா" என்றாள் சின்னபொண்ணு, அடுப்பங்கரைக்குள் வந்து.

மறக்கட்டும் என்று நினைத்தாள் சாலம்மாள். அடுத்த மூச்சில் மறக்க வேண்டாம் என்றும் நினைத்தாள். இந்த ஒரு நோவு தங்குமென்றால், ஒரு வருஷமாக அந்தக் கையில் வைத்த உருண்டைகளில் ஏதாவது ஒன்றும் உள்ளே எங்கேயாவது தங்கியிருக்கலாம். இல்லாவிட்டால் இன்றைக்கு எதை இழந்ததற்காக அவர் கையை இழுத்துக்கொண்டார்? பாத்திரத்தில் ஒட்டியிருந்த தவிட்டை விரலால் வழித்தாள்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

"மாதேசா, சாப்பிட்டியாடா?"

அர்ச்சுனனின் குரல். காலையில் இருந்த அதே சாந்தம். சாலம்மாள் வாசலுக்கு வருவதற்குள் மாதேஸ்வரன் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். முகம் முழுக்க மலர்ந்திருந்தது. அண்ணன் மேல் அவருக்கு எந்த நோவும் இல்லை.

"வாங்கண்ணா, எப்போ வந்தீங்க?" என்றபடி, காலை அகட்டி வைத்து, துண்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து நீட்டிக்கொண்டு அவர் போனார். கட்டைவிரலில் மை அப்படியே இருந்தது.